வலப்பக்கச் சுக்கான் கொண்ட பழைய கார்: ஒன்ராறியோவில் காப்புறுதி எடுக்கும் முறை

பிரித்தானியாவில் இருந்து ஒரு மொரிஸ் மைனரையோ, யப்பானில் இருந்து ஒரு நிசான் ஃபிகாரோவையோ கனடாவில் இறக்குவது பலர் நினைப்பதைவிட எளிது. அதை ஒன்ராறியோ வீதியில் ஓட்டுவதற்குக் காப்புறுதி பெறுவதுதான் கடினம். வண்டியை வாங்கி, கப்பலில் ஏற்றி, சுங்கத்தையும் கடந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு, வழக்கமான காப்புறுதி நிறுவனத்தை அழைத்து "வலப்பக்கச் சுக்கானா? அதை நாங்கள் எடுப்பதில்லை" என்ற பதிலைக் கேட்டுத் திகைப்பவர்கள் குறைவில்லை. எனவே விற்பவருக்கு முற்பணம் அனுப்புவதற்கு முன்பே காப்புறுதிக்கான சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். மற்ற வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னர் நேரம் இருக்கிறது.

இங்கே சொல்லப்படுபவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. வாகனக் காப்புறுதி கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா, சஸ்காச்சுவான், மனிற்றோபா ஆகியவற்றில் அடிப்படைக் காப்புறுதியை அரசு நிறுவனமே வழங்குகிறது. ஒன்ராறியோவில் முழுவதும் தனியார் நிறுவனங்கள். கியூபெக்கிலோ 25 வயதுக்குக் குறைந்த வலப்பக்கச் சுக்கான் வண்டியைப் பதிவு செய்யவே முடியாது. மாகாணம் மாறிக் குடியேறும் எண்ணம் இருந்தால் இதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் தயங்குவது ஏன்

மறுப்புக்குக் காரணங்கள் மூன்று. அவற்றைத் தெரிந்துகொண்டு பேசுபவருக்குத்தான் காரியம் நடக்கும்.

முதலாவது, பார்வை. வீதியின் வலப்பக்கமாக ஓடும் நாட்டில் வலப்பக்க ஆசனத்தில் இருக்கும் சாரதி நடைபாதையை ஒட்டி இருக்கிறார். முன்னால் ஒரு லொறி போனால், அதை முந்துவதற்கு எதிரே வரும் வாகனத்தைப் பார்க்க வண்டியின் பாதியையாவது எதிர்த் தடத்துக்குள் நீட்ட வேண்டி வரும். சந்தியில் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது, எதிரே அதேபோலத் திரும்பக் காத்திருக்கும் வாகனம் அதன் பின்னால் நேரே வருபவரை மறைத்துவிடும். இது வெறும் அச்சம் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரச காப்புறுதி நிறுவனமான ஐ.சி.பி.சி. செய்த ஆய்வில், சாரதியின் தவறால் நேரும் விபத்தில் சிக்கும் அபாயம் வலப்பக்கச் சுக்கான் வண்டிகளுக்கு 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்று தெரிந்தது. அந்த ஆய்வு பெரும்பாலும் அன்றாடம் ஓடிய, 15 வயதைக் கடந்த யப்பானிய இறக்குமதிகளைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும் ஒரு மொரிஸ் மைனரின் கதை வேறு. அந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியது விண்ணப்பிப்பவர்தான். நிறுவனம் தானாக முன்வந்து சொல்லப் போவதில்லை.

இரண்டாவது, கணினி. வட அமெரிக்காவில் 1981 முதல் வாகன அடையாள இலக்கம் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. காப்புறுதி நிறுவனத்தின் திரையும் அந்த 17 இடங்களை நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட வண்டியில் இருப்பது சேஸி இலக்கம் எனப்படும் ஒரு குறுகிய சட்டக இலக்கம் மட்டுமே: ஃபிகாரோவுக்கு எஃப்.கே.10 என்றும், நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.-ஆர். 32க்கு பி.என்.ஆர்.32 என்றும் தொடங்கி, ஒரு சிறு கோடும் ஆறு எண்களுமாக முடிந்துவிடும். அதோடு, கனடாவில் ஒருபோதும் விற்கப்படாத வண்டிக்குக் கட்டணக் கணிப்பு அட்டவணையில் இடமே இருக்காது. தொலைபேசியில் பேசும் இளம் ஊழியர் "உங்கள் இலக்கம் பிழையாக இருக்கிறது" என்று சொன்னால் அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. விண்ணப்பங்களைக் கையால் பரிசீலிக்கும் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். அது முடியாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, திருத்தச் செலவு. உடைந்த முன்கண்ணாடியோ நசுங்கிய மட்காட்டோ கடல் கடந்து வர வேண்டும் என்பது நிறுவனத்தின் கவலை. இதற்குப் பதில் சொல்வது எளிது, குறிப்பாக மொரிஸ் மைனர் விடயத்தில். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியான அந்த வண்டிக்கு இன்றும் பிரித்தானியாவில் ஏறக்குறைய எல்லா உதிரிப்பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. 1991ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 20,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஃபிகாரோவுக்கு எஞ்சின் சாமான் கிடைத்துவிடும். உடற்பாகங்களுக்குத்தான் தேட வேண்டும்.

வலப்பக்கச் சுக்கான் கனடாவில் சட்டவிரோதம் என்று சில காப்புறுதித் தரகர்களே சொல்வதுண்டு. அது தவறு. கனடாத் தபால் சேவையின் வண்டிகளிலேயே வலப்பக்கச் சுக்கான் கொண்டவை ஓடுகின்றன.

வாங்குவதற்கு முன் சேர்க்க வேண்டிய கடதாசிகள்

வண்டியின் வயது முதலில் வருகிறது. 15 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குக் கனடாவின் வாகனப் பாதுகாப்புத் தர விதிகள் இறக்குமதியின்போது பொருந்தாது என்பதுதான் இந்த முழு வழிக்கும் கதவு. அந்த 15 ஆண்டு உற்பத்தியான மாதத்தில் இருந்து கணக்கிடப்படுகிறது. முதன்முதலாகப் பதிவான நாளில் இருந்து அல்ல. சுங்கத்துக்கும் பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரே திகதியைக் காட்டும் ஆவணம் வேண்டும். பிரித்தானிய வண்டியானால் வி5சி எனப்படும் பதிவுப் புத்தகம் அடிப்படை. மொரிஸ், ஒஸ்ரின், எம்.ஜி. போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு, தொழிற்சாலைப் பதிவேடு எஞ்சியிருக்குமானால், கேடன் என்ற ஊரில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் பாரம்பரியச் சான்றிதழ் ஒன்றைக் கட்டணத்துக்குத் தருகிறது. வண்டி கட்டப்பட்ட நாள், முதல் நிறம், எஞ்சின் இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வயதுக்கும் அது சான்று. வண்டி மாற்றப்படாமல் இருப்பதற்கும் சான்று. பின்னர் பெறுமதியை நிறுவுவதற்கும் உதவும்.

யப்பானிய வண்டியானால் பதிவு நீக்கி ஏற்றுமதி செய்வதற்கான சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும். ஏலத்தில் வாங்கினால் ஏலத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாளில் வண்டியின் சிறு படம் வரையப்பட்டு, ஒவ்வொரு கீறலும் பள்ளமும் துருவும் எழுத்துக் குறிகளால் காட்டப்பட்டிருக்கும்; மேல் மூலையில் தரம் எழுதப்பட்டிருக்கும். 4, 3.5 போன்ற எண்ணுக்குப் பதிலாக "ஆர்" என்று இருந்தால் அது விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். காப்புறுதி விண்ணப்பத்தில் முன்னைய சேதம் பற்றிய கேள்வி வந்தால் அதை மறைக்க முடியாது.

இவற்றோடு படங்கள். நான்கு மூலைகளில் இருந்தும் நான்கு, எஞ்சின் அறை, உள்ளே சுக்கானும் ஆசனங்களும் ஒன்றாகத் தெரிய ஒன்று, ஓடிய தூரம் காட்டும் மானி, சேஸித் தகடு, தரையின் கீழ்ப்பகுதி. சேஸித் தகட்டின் படத்தில் ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய தகடுகளில் பூச்சு படிந்து 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தெரியும். அங்கே ஓர் எண் பிசகினால் பதிவுக் கடதாசியில் ஓர் இலக்கமும் காப்புறுதியில் இன்னோர் இலக்கமுமாகி, இழப்பீடு கேட்கும் நாளில் வினையாகும்.

யாரிடம் கேட்பது

இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, வழக்கமான நிறுவனத்தில் சாதாரண வாகனமாகச் சேர்ப்பது. மற்றது, சேகரிப்பு வாகனங்களுக்கான சிறப்புக் காப்புறுதி. ஒன்ராறியோவில் ஹகேர்ட்டி, லான்ட் போன்றவை இந்த இரண்டாவது வகையை வழங்குகின்றன. சில பெரிய நிறுவனங்களும் தரகர் மூலமாக இத்தகைய திட்டங்களை வைத்திருக்கின்றன. வலப்பக்கச் சுக்கானை ஏற்கிறார்களா, எந்த வயது வண்டிக்கு ஏற்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

சேகரிப்புக் காப்புறுதியின் கட்டணம் பொதுவாகக் குறைவு. அதற்கு ஈடாக நிபந்தனைகள் இருக்கும். வீட்டில் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றாடப் பாவனைக்கு வேறொரு கார் இருக்க வேண்டும். பழைய வண்டி பூட்டிய கராஜில் நிற்க வேண்டும். வேலைக்கோ கடைக்கோ அதில் போகக் கூடாது. ஆண்டில் ஓடும் தூரத்துக்கு வரம்பு இருக்கலாம். சாரதியின் பதிவு சுத்தமாகவும் அனுபவம் பல ஆண்டுகளாகவும் இருக்க வேண்டும். ஸ்காபரோவில் அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தை "பூட்டிய கராஜ்" என்று சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்கா. முன்கூட்டியே கேட்பது நல்லது.

யாழ்ப்பாணத்தில் பத்து ஆண்டுகள் மொரிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40யோ ஓட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய அதே வண்டிகள்தான் இன்று பலரை இந்த ஆசைக்கு இழுக்கின்றன. ஆனால் அந்த அனுபவத்தைக் காப்புறுதி நிறுவனம் கணக்கில் எடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உண்மையில், அங்கே வீதியின் இடப்பக்கத்தில் வலப்பக்க ஆசனம். இங்கே வீதியின் வலப்பக்கத்தில் அதே ஆசனம். கை பழகிய இடம் ஒன்று, கண் பார்க்க வேண்டிய இடம் வேறு.

தனிப்பட்ட முகவர் ஒரே நிறுவனத்தின் பொருளை மட்டும் விற்பார். தரகர் பல நிறுவனங்களிடம் கேட்பார். எனவே தரகரிடம் போங்கள். ஆனால் பழைய வண்டிகளில் பழக்கமில்லாத தரகர் உங்கள் விண்ணப்பத்தை அரைகுறையாக அனுப்பி, வந்த மறுப்பையே முடிவாகக் கொண்டுவிடுவார். முதல் மின்னஞ்சலிலேயே வண்டியின் பெயர், உற்பத்தி மாதமும் ஆண்டும், முழுச் சேஸி இலக்கம், வலப்பக்கச் சுக்கான் என்ற விபரம், எந்த நாட்டில் இருந்து வருகிறது, எங்கே நிறுத்தப்படும், ஆண்டில் எவ்வளவு ஓடும், வீட்டில் யார் யாருக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, அன்றாடப் பாவனைக்கு உள்ள கார்கள் எவை என்பனவற்றை எழுதி, படங்களையும் இணைத்து அனுப்பினால், விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் அண்டர்ரைட்டரின் மேசையில் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் இருக்கும்.

ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள், எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்ற ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாம் பதிந்துள்ள விதிகளுக்குள் அடங்கும் எவரையும் தம் விருப்பப்படி தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த விதிகளே இத்தகைய வண்டியை விலக்கியிருந்தால் மறுப்பு செல்லும். அதனால் மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "எங்கள் விதி ஏற்கவில்லை" என்பதும் "எங்கள் கணினி ஏற்கவில்லை" என்பதும் ஒன்றல்ல. எல்லாக் கதவும் மூடினால், வேறு எங்கும் கிடைக்காதவர்களுக்கான ஃபசிலிட்டி அசோசியேஷன் இருக்கிறது. எந்தத் தரகரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கனமானது. ஆசைக்கு வைத்திருக்கும் வண்டிக்கு அந்தச் செலவு தகுமா என்பதை அவரவர் கணக்குப் பார்க்க வேண்டும். வண்டியையே வாங்காமல் விடுவதும் இந்த இடத்தில் ஒரு நல்ல முடிவுதான்.

பெறுமதி: 19 உம் 19ஏ உம்

ஒன்ராறியோவில் எல்லோருக்கும் கட்டாயமானவை பொறுப்புக் காப்புறுதி, விபத்து நலன்கள், காப்புறுதியற்ற வாகனத்துக்கு எதிரான பாதுகாப்பு போன்றவை. பொறுப்புக் காப்புறுதியின் சட்டரீதியான குறைந்த அளவு 200,000 டொலர். இன்றைய வழக்குச் செலவில் அது போதாது; 10 இலட்சத்துக்குக் குறைத்து எடுக்க வேண்டாம், 20 இலட்சமானால் இன்னும் நல்லது. இந்தப் பகுதியில் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் வண்டிக்கு நேரும் சேதத்தில்தான் இருக்கிறது.

சாதாரண ஒப்பந்தத்தில் வண்டி அழிந்தால், அந்த நாளில் அதன் சந்தைப் பெறுமதிதான் கிடைக்கும். 1962ஆம் ஆண்டு மொரிஸ் மைனருக்கு ஒன்ராறியோவில் சந்தை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. மதிப்பிடுபவர் எதை வைத்து மதிப்பிடுவார்? எனவே பெறுமதியை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் இணைப்பு, அதாவது ஒப்பந்தத்தின் நிபந்தனையை மாற்றும் துணைப் படிவம், வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒன்ராறியோவின் இணைப்புப் படிவங்களில் ஓ.பி.சி.எஃப். 19 என்று ஒன்றும், ஓ.பி.சி.எஃப். 19ஏ என்று ஒன்றும் உண்டு. இரண்டிலும் ஒரு டொலர் தொகை எழுதப்படும். ஆனால் 19 என்பது உச்சவரம்பு மட்டுமே: எழுதிய தொகைக்கு மேல் தரமாட்டார்கள், சந்தைப் பெறுமதி அதைவிடக் குறைவென்று கருதினால் குறைத்துத் தரலாம். 19ஏ என்பது ஒத்துக்கொண்ட பெறுமதி: வண்டி முழுமையாக அழிந்தால் எழுதிய தொகையே அடிப்படை. பழைய வண்டிக்கு வேண்டியது 19ஏ. கையில் வரும் சான்றுப் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுத்தையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். தரகர் தொலைபேசியில் "பெறுமதி 25,000 டொலர் என்று போட்டிருக்கிறோம்" என்று சொல்வது எந்த இணைப்பின் கீழ் என்பதைத் தெரிவிக்காது.

தொகையை நிறுவ, பழைய வாகனங்களை மதிப்பிடும் தகுதியுள்ளவரிடம் எழுத்து மதிப்பீடு பெற வேண்டும். வாங்கிய விலை, கப்பல் கூலி, வரி, திருத்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். எனினும் செலவழித்த தொகை முழுவதையும் பெறுமதியாக ஏற்பார்கள் என்று நினைக்கக் கூடாது. கப்பல் கூலி வண்டியின் விலையைக் கூட்டாது என்று வாதிடும் நிறுவனங்கள் உண்டு. இங்கே இதே நிலையில் இன்னொன்றை வாங்கி இறக்க என்ன செலவாகும் என்ற கேள்விக்கு மதிப்பீட்டாளர் தம் அறிக்கையில் நேரடியாகப் பதில் எழுதியிருந்தால் அந்த வாதம் தளர்ந்துவிடும்.

மறைக்கக் கூடாதவை

விண்ணப்பத்தில் சுக்கான் எந்தப் பக்கம் என்ற கட்டம் பெரும்பாலும் இருக்காது. கேட்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. ஒன்ராறியோக் காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்தில் பொய்யான விபரம் தந்தவரோ தெரிவிக்க வேண்டிய விடயத்தை அறிந்தே மறைத்தவரோ இழப்பீட்டு உரிமையை இழக்க நேரிடும். கட்டணத்தைத் தவறாமல் கட்டிவிட்டு, விபத்து நாளில் வெறுங்கையோடு நிற்பது பெரிய அநியாயம். "வலப்பக்கச் சுக்கான் கொண்ட, இறக்குமதி செய்யப்பட்ட வாகனம்" என்ற சொற்கள் விண்ணப்பத்தின் குறிப்புப் பகுதியில் எழுதப்பட வேண்டும். நிறுவனம் அதை ஏற்ற மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாற்றங்களும் அப்படியே. மொரிஸ் மைனருக்கு முன் டிஸ்க் பிரேக் போடுவது பாதுகாப்பை உயர்த்தும் வேலை. இருந்தாலும் சொல்ல வேண்டும். பெரிய எஞ்சின் போட்டிருந்தால் நிச்சயமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஜி2 எனப்படும் புதிய சாரதிக்கான அனுமதிப்பத்திரத்தோடு ஒரு மகனோ மகளோ இருந்தால், "அவன் இதைத் தொடமாட்டான்" என்ற வாய்வாக்கு போதாது. விலக்கப்பட்ட சாரதி என்ற ஓ.பி.சி.எஃப். 28ஏ இணைப்பில் அந்தப் பிள்ளையும் கையெழுத்திட்டால் கட்டணம் குறையலாம். ஆனால் அதன்பின் அவர் ஒரு தடவை ஓட்டி மோதினாலும் பெரும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழும். திறப்பை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டிய அளவுக்கு அது பாரதூரமானது.

நம்மவர்களுக்கு முக்கியமான இன்னொன்று கல்யாணக் கார். மார்க்கத்திலோ பிரம்ப்டனிலோ மண்டப வாசலில் பூ அலங்காரத்தோடு ஒரு பழைய கார் நின்றால், அடுத்த கிழமையே நான்கு பேர் வாடகைக்குக் கேட்பார்கள். உறவினர் திருமணத்துக்குக் காசு வாங்காமல் ஓட்டுவது ஒன்று. பணம் வாங்கி மாப்பிள்ளை, பெண்ணை ஏற்றுவது வேறு. தனிப்பட்ட ஒப்பந்தம் பின்னையதை விலக்குகிறது. கட்டணத்துக்குப் பயணிகளை ஏற்ற ஓ.பி.சி.எஃப். 6ஏ என்ற தனி அனுமதி இணைப்பு உண்டு. சேகரிப்புக் காப்புறுதியில் அது எளிதில் கிடைக்காது. "பெற்றோலுக்கு ஏதோ தந்தார்கள்" என்ற விளக்கம் விபத்துக்குப் பிறகு எடுபடாது.

கப்பல் முதல் இலக்கத்தகடு வரை

கடலில் இருக்கும்போது உங்கள் ஒன்ராறியோக் காப்புறுதி வண்டியைக் காக்காது. அதற்குக் கடற்சரக்குக் காப்புறுதி தனியாக வேண்டும். கப்பல் நிறுவனம் கூலியோடு சேர்த்துத் தரும் மலிவான காப்புறுதி பெரும்பாலும் முழு அழிவுக்கு மட்டுமே பொருந்தும். இறக்கும்போது கதவு நசுங்கினால் ஒன்றும் கிடைக்காது. எல்லா இடர்களுக்குமான "ஏ" வகை நிபந்தனைகளைக் கேளுங்கள். கப்பலைக் காப்பாற்ற நேரும் செலவைச் சரக்கு வைத்திருப்பவர்கள் எல்லோர் தலையிலும் பங்கிடும் பழைய கடற்சட்ட மரபு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வண்டிக்குக் கீறல்கூட விழாவிட்டாலும் அந்தப் பங்கைக் கட்டும்வரை விடுவிக்க மாட்டார்கள். 2022 பெப்ரவரியில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்து, மார்ச் 1ஆம் திகதி மூழ்கிய ஃபெலிசிட்டி ஏஸ் கப்பலில் ஏறத்தாழ 4,000 வாகனங்கள் இருந்தன. காப்புறுதி இல்லாமல் கடலில் எதையும் அனுப்பக் கூடாது.

ஏற்றுவதற்கு முன் வண்டியின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவ வேண்டும். மண்ணோ இலைச் சருகோ ஒட்டியிருந்தால் கனடிய உணவுப் பரிசோதனை முகமை துறைமுகத்திலேயே நிறுத்தும். சுங்கத்தில் முத்திரையிட்ட வாகன இறக்குமதிப் படிவம் 1 கைக்கு வரும். அது இல்லாமல் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் எதுவும் நகராது; மூலப்படியைத் தொலைக்க வேண்டாம். ஹலிபக்ஸிலோ வன்கூவரிலோ இறங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் கனவை விட்டுவிட்டு, லொறியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். காப்புறுதி இல்லாமல் வீதியில் ஓட்டினால் ஒன்ராறியோவில் முதல் தடவைக்கே தண்டம் 5,000 முதல் 25,000 டொலர் வரை.

வீட்டுக்கு வந்த பிறகு பாதுகாப்புத் தரச் சான்றிதழ். அது பரிசோதனை நடந்த நாளில் இருந்து 36 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், காப்புறுதி உறுதியான பிறகே வண்டியைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஒழுங்கை மாற்றிச் செய்தவர்கள் இரண்டாம் தடவை காசு கட்டியிருக்கிறார்கள். பிரித்தானிய, யப்பானிய முன்விளக்குகளின் ஒளி இடப்பக்கம் சாய்ந்து விழுமாறு அமைந்தது. இங்கே அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அவற்றை மாற்றிவிட்டே பரிசோதனைக்குப் போங்கள். 1961க்கு முந்திய மொரிஸ் மைனரில் திரும்பும் சைகை விளக்காக இருக்காது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் இருந்து விரல் நீளத்தில் ஒரு சிறு கை வெளியே எழும்பி மஞ்சளாக ஒளிரும். பார்க்க அழகுதான், ஆனால் நெடுஞ்சாலையில் அதை அடையாளம் காண்பவர் இல்லை. மின்னும் விளக்குகளைக் கூடுதலாகப் பொருத்திப் பற்றுச்சீட்டைக் காப்புறுதிக் கோப்பில் சேருங்கள். மூன்று முனை ஆசனப்பட்டியும் அப்படியே. இந்த இரண்டும் அண்டர்ரைட்டரின் மனத்தை மாற்றிய சந்தர்ப்பங்கள் உண்டு.

வண்டி 30 வயதைக் கடந்து, உற்பத்தியானபோது இருந்த நிலையில் பெரும்பாலும் மாறாமல் இருந்தால், வரலாற்று வாகன இலக்கத்தகடு எடுக்கலாம். அதைப் பூட்டினால் ஊர்வலம், கண்காட்சி, வாகனக் கழகங்களின் சுற்றுலா, திருத்தம், பரிசோதனை, விற்பனைக்குக் காட்டுதல் போன்றவற்றுக்கே ஓட்டலாம். மாலையில் மனைவியோடு ஏரிக்கரைக்குப் போய்வர விரும்புபவர் சாதாரணத் தகட்டையே எடுக்கட்டும். காப்புறுதியில் எழுதிய பாவனையும் தகடு அனுமதிக்கும் பாவனையும் ஒத்திருக்க வேண்டும்.

எடுத்த பிறகு

பனிக்காலத்தில் உப்புப் போட்ட வீதிக்கு எவரும் பழைய வண்டியைக் கொண்டுபோவதில்லை. சாதாரண ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஓ.பி.சி.எஃப். 16 மூலம் வீதிப் பாவனைக்கான பகுதியை நிறுத்தி, தீ, திருட்டு போன்றவற்றுக்கான பகுதியை மட்டும் வைத்திருந்து, இளவேனிலில் 17ஆம் இணைப்பால் மீண்டும் தொடங்கலாம். சேகரிப்புக் காப்புறுதியில் இதற்குத் தேவை இருக்காது. ஆண்டின் சில மாதங்களே ஓடும் என்பது கட்டணத்திலேயே கணக்கிடப்பட்டிருக்கும். நிறுத்தி வைத்த காலத்தில் ஒரு வெயில் நாளைக் கண்டு வளவைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது.

ஒத்துக்கொண்ட பெறுமதியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஸ்கைலைன் போன்றவற்றின் விலை ஏறியதில், பழைய தொகையையே வைத்திருந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். விபத்து நேர்ந்தால், திருத்தும் இடத்தை நீங்களே தெரிவு செய்யலாமா, கடல் கடந்து சாமான் வரும்வரை காத்திருக்க நிறுவனம் உடன்படுமா, முழு அழிவு என்று தீர்மானித்தால் எஞ்சிய வண்டியை என்ன விலைக்கு உங்களுக்கே திருப்பித் தருவார்கள் என்ற மூன்றையும் ஒப்பந்தம் போடும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு அழிவாக அறிவிக்கப்பட்ட வண்டியின் பதிவில் ஒன்ராறியோ அரசு அதற்குரிய குறியை இடும். "திருத்தக்கூடியது" என்ற வகையில் வந்தால் திருத்தி, மறுபரிசோதனை செய்து மீண்டும் வீதிக்குக் கொண்டுவரலாம். "திருத்த முடியாதது" என்று விழுந்தால் அந்தச் சேஸி இலக்கம் ஒன்ராறியோவில் மறுபடி வீதிக்கு வராது. நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளர் அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன்பே உங்கள் திருத்துநரை அழைத்து அவரோடு பேச வைக்க வேண்டியது இதற்காகத்தான்.